படத்தில் இல்லாத மரங்களின் நிழல்

கமீய் பிஸ்ஸாரோ 1873-ல் வரைந்த 'உறைபனி' என்ற ஓவியத்தை முதலில் பார்ப்போம். பாரிஸுக்கு வடமேற்கே பொந்துவாஸ் என்ற ஊர். அதன் ஓரத்தில் உழுது போட்ட நிலம். காலை நேரம். இரவில் விழுந்த உறைபனி உழவுசால்களின் மேல் வெளிறிப் படர்ந்திருக்கிறது, இன்னும் உருகவில்லை. மண்பாதையில் ஒரு குடியானவர் முதுகில் விறகுச் சுமையும் கையில் ஊன்றுகோலுமாக நடந்துகொண்டிருக்கிறார். அவ்வளவுதான் காட்சி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று கண்ணில் படும். வயலின் குறுக்கே நீளநீளமாக மர நிழல்கள் சாய்ந்து கிடக்கின்றன. அந்த மரங்களைத் தேடினால் படத்தில் ஒன்றுகூட இல்லை.

மரங்கள் படச் சட்டகத்துக்கு வெளியே எங்கோ நிற்கின்றன. அவற்றின் நிழல் மட்டும் உள்ளே வந்து விழுந்திருக்கிறது. 1874-ல் பாரிஸில் இந்தப் படம் காட்சிக்கு வந்தபோது கஸ்தாஞ்ஞாரி என்ற விமர்சகர் இதைப் பெரிய பிழை என்று எழுதினார். இல்லாத மரத்துக்கு நிழல் போட்டால் பார்ப்பவனுக்கு என்ன புரியும் என்பது அவர் கேள்வி. லூயி லெருவா என்ற இன்னொருவர், வண்ணத்தட்டைச் சுரண்டி எடுத்து அழுக்குத் துணியில் அப்பியதுபோல் இருக்கிறது என்று கேலியே செய்துவிட்டார்.

இம்ப்ரெஷனிசம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த நிழல்களைத்தான். பிஸ்ஸாரோ அன்று வரைய உட்கார்ந்தது மரங்களை அல்ல. அந்தக் காலை வெயில் அந்த வயலை என்ன செய்தது என்பதை வரைய உட்கார்ந்தார். நிழல் விழுந்த இடத்தில் பனி ஒரு நிறமாக இருக்கிறது, வெயில் பட்ட இடத்தில் வேறு நிறமாக இருக்கிறது. அதற்குக் காரணமான மரம் படத்துக்குள் இருந்தாலென்ன, வெளியே இருந்தாலென்ன?

பெயர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து பாரிஸில் ஓவியருக்குப் பெயர் கிடைக்க வேண்டுமென்றால் 'சலோன்' என்ற அரசுக் கண்காட்சியில் இடம் கிடைக்க வேண்டும். நடுவர் குழு தேர்ந்தெடுத்தால்தான் சுவரில் ஏறலாம். அங்கே மோனே, பிஸ்ஸாரோ போன்றவர்களின் படங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டன. சரி, நாமே ஒரு கண்காட்சி வைப்போம் என்று சுமார் 30 பேர் சேர்ந்து 1874 ஏப்ரல் 15 அன்று, நதார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டுடியோவில் தங்கள் படங்களை மாட்டினார்கள். அதில் மோனேயின் ஒரு படத்துக்கு 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' என்று பெயர். லெ ஆவ்ர் துறைமுகத்தின் காலைப் பனிமூட்டம். லெருவா அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று நக்கலடித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் மனப்பதிவுவாதம் என்று எழுதுகிறார்கள். 1886 வரை மொத்தம் எட்டுக் கண்காட்சிகள் நடந்தன. எட்டிலும் கலந்துகொண்ட ஒரே ஓவியர் பிஸ்ஸாரோ.

ஓவியம் எப்படி வெளியே வந்தது?

ஓவியர்கள் அதற்கு முன்னாலும் வயல்வெளிக்குப் போனார்கள். போய்ச் சின்னச் சின்னக் குறிப்புப் படங்கள் எடுத்துக்கொண்டு வந்து, பெரிய படத்தை வீட்டுக்குள் வைத்து முடிப்பார்கள். எண்ணெய் வண்ணத்தை வெளியே எடுத்துப் போவது பெரிய தொல்லை. பொடியை எண்ணெயில் குழைத்து, பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து, நூலால் கட்டி வைப்பார்கள். தேவைப்படும்போது ஓர் ஆணியால் குத்திப் பிதுக்க வேண்டும். குத்திய பிறகு சரியாக மூட முடியாது, வண்ணம் காய்ந்துபோகும், சில நேரம் பை வெடித்தே போகும்.

1841-ல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வெள்ளீயத்தில் செய்த டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்குப் பற்பசை வருகிறதே, அந்த மாதிரி. பிதுக்கலாம், மூடலாம், பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். கூடவே ரயில் வந்தது. பாரிஸிலிருந்து ரூவானுக்கு 1843-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. காலையில் ஏறினால் சேன் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இறங்கி, சாயங்காலம் வரை வரைந்துவிட்டுத் திரும்பலாம். புதிய நிறமிகளும் கடைக்கு வந்திருந்தன: கோபால்ட் நீலம், ஆலையில் செய்த அல்ட்ராமெரைன், விரிடியன் என்ற பச்சை, காட்மியம் மஞ்சள். இந்த ஓவியர்கள் நிறங்களில் அவ்வளவு துணிந்ததற்குக் கடையில் கிடைத்த சரக்கும் ஒரு காரணம்.

வெளியே உட்கார்ந்து வரையத் தொடங்கியவருக்கு உடனே ஒரு சிக்கல் வரும். வெயில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பத்து மணிக்கு எடுத்த மஞ்சள் பதினோரு மணிக்குப் பொருந்தாது. ஆகவே வேகமாக வரைய வேண்டும். மழமழவென்று தேய்த்து மெருகேற்ற நேரமில்லை. தூரிகையை ஒரு இழுப்பு, அதன் பக்கத்தில் இன்னொரு இழுப்பு. இம்ப்ரெஷனிஸ்ட் படங்களில் தூரிகைத் தீற்றல்கள் தனித்தனியாகத் தெரிவதன் முதல் காரணம் இந்த அவசரம்தான். பிறகு அந்தத் தீற்றலே அவர்களின் மொழியாகிவிட்டது.

நிழல் ஏன் நீலம்?

புதிதாக இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நிழல்களெல்லாம் நீலமாக, ஊதாவாக இருக்கும். நிழல் கறுப்புத்தானே?

இல்லை. திறந்த வெளியில் நமக்கு வெளிச்சம் தருவது சூரியன் மட்டும் அல்ல, வானம் முழுக்க ஒரு பெரிய நீல விளக்குத்தான். ஒரு வேலி வெயிலை மறைக்கும்போது சூரிய ஒளிதான் தடைபடுகிறது. வானத்தின் நீல ஒளி அப்போதும் அந்த இடத்தில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆகவே நிழலில் நீலம் ஏறும். தரை வெள்ளையாக இருந்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்டுடியோவுக்குள், வடக்குப் பார்த்த ஒற்றை ஜன்னலின் வெளிச்சத்தில் பழகியவர்கள் நிழலுக்குப் பழுப்பைப் பூசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தவர்கள் நீலத்தைப் பார்த்தார்கள்.

மோனே 1868-69 குளிர்காலத்தில் எத்ரெதா அருகே வரைந்த 'மேக்பை' என்ற படம் இதற்கு நல்ல உதாரணம். பனி மூடிய தோட்டம். ஒரு மரப்படல் கதவின் மேல் கறுப்பும் வெள்ளையுமான ஒரு பறவை. மனிதர் யாரும் இல்லை. வேலியின் நிழல் பனிமேல் மெல்லிய நீலத்தில் நீண்டு கிடக்கிறது. வெயில் பட்ட பனியும் சுத்த வெள்ளை இல்லை, லேசான மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்தது. 1869 சலோன் நடுவர்கள் இதை நிராகரித்தார்கள். இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் அதிகம் பேர் தேடிப்போய்ப் பார்க்கும் படங்களில் இதுவும் ஒன்று.

நிறங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று மாற்றும் என்பதும் அந்தக் காலத்தில் பேசப்பட்ட விஷயம். கோப்லான் என்ற அரசு நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட செவ்ரோல் என்ற வேதியியலாளருக்கு ஒரு புகார் வந்தது: கறுப்புச் சாயம் சரியில்லை, மங்கித் தெரிகிறது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. அதை ஆராய்ந்து 1839-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம் வைத்தால் இரண்டும் எகிறும், சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையும் அப்படியே. புல்வெளிக்கு நடுவில் ஒரு சிவப்புப் பாவாடையோ செங்கல் கூரையோ அவர்கள் படங்களில் அடிக்கடி வருவதை இனி கவனியுங்கள்.

கதிர்ப் போர்கள்

இனி கொஞ்சம் நிதானமாக ஒரே இடத்தில் உட்காரலாம். 1883-ல் மோனே நார்மண்டியில் உள்ள ஜிவெர்னி என்ற கிராமத்துக்குக் குடிவந்தார். 1890-ல் அதே வீட்டை விலைக்கு வாங்கினார். அந்த வருடக் கோடை முடிவில் வீட்டுக்குப் பக்கத்து வயலில் நின்ற கதிர்ப் போர்களை வரைய ஆரம்பித்தார். அடுத்த வருடத் தொடக்கம் வரை அதையேதான் வரைந்தார். சுமார் 25 படங்கள்.

வைக்கோல்போர் என்று தமிழில் சொல்லிவிடுகிறோம், ஆனால் இவை வைக்கோல் அல்ல. அறுத்த கோதுமையைக் கதிரோடு கட்டுக்கட்டாக அடுக்கி, மேலே வைக்கோலால் கூரை வேய்ந்த போர்கள். 15 முதல் 20 அடி உயரம். கதிரடிக்கும் இயந்திரம் ஒவ்வொரு ஊராக வரும். தங்கள் ஊருக்கு முறை வரும்வரை கதிர் நனையாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கூம்புக் கூரை. சில போர்கள் குளிர்காலம் தாண்டியும் நிற்கும். மோனேவுக்குப் பனி மூடிய போர்களை வரைய முடிந்தது இதனால்தான். அந்த ஊரின் விளைச்சல் அந்தக் குவியல்களில் இருந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், ஆளே இல்லாத அந்தப் படங்களிலும் ஊர் இருப்பது புரியும். பின்னால் மரவரிசைக்கு அருகே வீட்டுக் கூரைகள் தெரிகின்றன. போர்களின் கூரையும் வீடுகளின் கூரையும் ஒரே சாயலில் இருக்கும்.

தொடக்கத்தில், வெயிலுக்கு ஒன்று மேகமூட்டத்துக்கு ஒன்று என இரண்டு கேன்வாஸ் போதும் என்று நினைத்தாராம். வரையும்போதே ஒளி மாறிவிட்டது. மனைவியின் மகள் பிளான்ஷை வீட்டுக்கு அனுப்பி இன்னொரு கேன்வாஸ் எடுத்துவரச் சொன்னார். அது மாறியதும் இன்னொன்று. கடைசியில் தள்ளுவண்டியில் கேன்வாஸ்களைப் போட்டுக்கொண்டு போகும் நிலை வந்தது. ஒரு ஒளிக்கு ஒரு கேன்வாஸ். அந்த ஒளி போனதும் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். மறுநாள் அதே நேரத்தில், அதே வானிலை வாய்த்தால், முதல் கேன்வாஸுக்குத் திரும்புவார்.

அந்த அக்டோபரில் நண்பர் கெஃப்ருவாவுக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பருவத்தில் சூரியன் இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதே, பின்தொடரவே முடியவில்லை என்று புலம்புகிறார். தான் தேடுவது ஒரு கணம் என்றும், அதைவிட முக்கியமாக 'உறை' என்றும் எழுதுகிறார். இந்த 'உறை' என்ற சொல்தான் எல்லாவற்றுக்கும் சாவி. போருக்கும் நமக்கும் நடுவில் காற்று இருக்கிறது, ஈரம் இருக்கிறது, தூசி இருக்கிறது. ஒளி அவற்றின் வழியாக வருகிறது. போர், வயல், மரம், குன்று எல்லாவற்றையும் அந்த ஒரே ஒளி போர்த்தியிருக்கிறது. அந்தப் போர்வையை வரைய வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

பாஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 1891-ஆம் வருட அஸ்தமனப் படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இது புரியும். சூரியன் போருக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே நம்மைப் பார்க்கும் பக்கம் இருட்டாக இருக்க வேண்டும். ஆனால் அந்த 'இருட்டு'க்குள் அடர் சிவப்பு, ஊதா, நீலம், ஆரஞ்சு எல்லாம் தடித்தடியாகக் கிடக்கின்றன. விளிம்பு மட்டும் தீப்பிடித்ததுபோல் எரிகிறது. ஒரு அடி தூரத்தில் வெறும் வண்ணக் குழப்பம். பத்தடி பின்னால் வந்தால் போர் எழுந்து நிற்கும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மோனே எல்லாவற்றையும் வயலிலேயே ஒரே மூச்சில் முடித்துவிட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. வெளியில் தொடங்கிய படங்களை வீட்டுக்குள் கொண்டுவந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மேலும் மேலும் வேலை செய்தார். அந்த அடர்த்தியான வண்ண அடுக்குகள் அப்படி வந்தவை. இது அவர் மேல் எனக்கு மதிப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

1891 மே மாதம் பாரிஸில் துராண்-ருயெல் என்ற வணிகரின் கூடத்தில் 15 போர்ப் படங்களை ஒன்றாக மாட்டினார்கள். நன்றாக விற்றன. இன்று சிகாகோ கலைக்கூடத்தில் மட்டும் ஆறு இருக்கின்றன. 2019 மே மாதம் ஒரு போர்ப் படம் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. மாஸ்கோவில் நடந்த ஒரு கண்காட்சியில் காந்தின்ஸ்கி என்ற ரஷ்ய ஓவியர் இந்த வரிசைப் படம் ஒன்றைப் பார்த்தார். அது என்ன பொருள் என்றே அவருக்குப் புரியவில்லை. விவரப் பட்டியலைப் பார்த்துத்தான் போர் என்று தெரிந்துகொண்டார். பொருள் தெரியாமலே படம் தன்னைப் பிடித்து நிறுத்தியதே என்று வியந்து பின்னாளில் எழுதினார். அவர்தான் அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரானார்.

வயலில் இருக்கும் மனிதர்கள்

மோனேவின் போர்ப் படங்களில் ஆட்கள் இல்லை. பிஸ்ஸாரோவின் படங்களிலோ அவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆப்பிள் பறிக்கிறார்கள், உருளைக்கிழங்கு தோண்டுகிறார்கள், சந்தையில் பேரம் பேசுகிறார்கள், வேலை நடுவே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதற்கு முந்தைய தலைமுறையில் மில்லே குடியானவர்களை வரைந்தார். 1857-ல் வந்த அவருடைய 'கதிர் பொறுக்கும் பெண்கள்' படத்தில் மூன்று பெண்கள் குனிந்து சிந்திய கதிரைப் பொறுக்குகிறார்கள். தூரத்தில் அறுவடை மலைபோல் குவிந்திருக்கிறது. வறுமை பற்றிய ஒரு பேச்சு அந்தப் படத்தில் கேட்கிறது. அந்தப் பெண்கள் சிலைபோலக் கனத்து நிற்கிறார்கள். அது மகத்தான படம்தான். பிஸ்ஸாரோ வேறு வழியில் போனார். அவருடைய ஆட்கள் எந்தச் சேதியையும் சுமக்கவில்லை. விறகு சுமக்கும் குடியானவரும் உழவுசாலும் பனியும் ஒரே அளவிலான தீற்றலில், ஒரே ஒளியில் வரையப்பட்டவர்கள். மனிதன் வேறு, நிலம் வேறு என்று பிரித்துக் காட்டவில்லை. எனக்கு இதில் தெரிவது ஒரு மரியாதை. அவரைப் பரிதாபத்துக்குரியவராகவும் காட்டவில்லை, வீரராகவும் உயர்த்தவில்லை. வேலைக்குப் போகிறவர் வேலைக்குப் போகிறார்.

பிஸ்ஸாரோ 1884-ல் எராஞி என்ற சின்னக் கிராமத்துக்குப் போய் 1903-ல் இறக்கும்வரை அந்த வீட்டை விடவில்லை. 1892-ல் அதை வாங்கப் பணம் இல்லாதபோது கடன் கொடுத்தவர் மோனே. அங்கே பிஸ்ஸாரோ 1888-ல் வரைந்த ஆப்பிள் பறிக்கும் படத்தில் நிறம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். அப்போது அவர் ஸெரா என்ற ஓவியரின் புள்ளி முறையில் ஈடுபட்டிருந்தார். சில வருடங்களில் விட்டுவிட்டார். புள்ளி புள்ளியாக வைத்து முடிப்பதற்குள் பிடிக்க நினைத்த ஒளியே போய்விடுகிறது என்பது அவருடைய சங்கடம்.

பெர்த் மோரிஸோ என்ற பெண் ஓவியரை விட்டுவிடக் கூடாது. 1875-ல் பாரிஸுக்கு வெளியே ஜென்வில்லியே சமவெளியில் அவர் வரைந்த துணி உலர்த்தும் படத்தைப் பாருங்கள். வெள்ளைத் துணிகள் கொடியில் ஆடுகின்றன. ஒவ்வொரு துணியும் இரண்டு மூன்று தீற்றல்தான். பெண்கள் குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்கிறார்கள், ஒருவர் முகமும் தெளிவாக இல்லை. ஆனாலும் அது காற்றடிக்கும் நாள், நல்ல வெயில், துணி சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது வரை நமக்குத் தெரிந்துவிடுகிறது.

எப்படிப் பார்ப்பது?

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 'என்ன வரைந்திருக்கிறார்' என்று முதலில் தேடாதீர்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். நிழல்களின் நீளத்தைப் பாருங்கள், காலையா உச்சியா மாலையா என்று தெரிந்துவிடும். அப்புறம் நிழலுக்குள் என்னென்ன நிறம் என்று எண்ணுங்கள். கறுப்பு கிடைப்பது அரிது. கைபேசியில் பார்த்தால் படத்தைப் பெரிதாக்கித் தீற்றலைப் பாருங்கள், பிறகு சிறிதாக்கிப் பாருங்கள். கிட்டத்தில் போய்ப் பின்னால் வருவதற்கு அது ஓரளவு ஈடு.

ஜிவெர்னியில் மோனேவின் பக்கத்து வீட்டில் தங்கிய லில்லா கேபட் பெர்ரி என்ற அமெரிக்க ஓவியர், மோனே தனக்குச் சொன்ன அறிவுரையைப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். வரையப் போகும்போது எதிரில் இருப்பது மரம், வீடு, வயல் என்பதை மறந்துவிடு; இங்கே ஒரு நீலச் சதுரம், அங்கே ஒரு இளஞ்சிவப்பு நீள்சதுரம், இது ஒரு மஞ்சள் கீற்று என்று மட்டும் நினைத்து, நிறத்தையும் வடிவத்தையும் கண்ணுக்குத் தெரிந்தபடி வை என்பது அதன் சாரம். வரைவதற்குச் சொன்னது, பார்ப்பதற்கும் அப்படியே உதவும்.

அதே பெர்ரி சொல்லும் இன்னொரு விவரம். போர்களுக்கு அடுத்த வருடம், 1891-ல், மோனே எப்த் ஆற்றோரம் வரிசையாக நின்ற பாப்லர் மரங்களை வரைந்தார். படகில் உட்கார்ந்து வேலை. கேன்வாஸ்களைச் செருகி வைக்கப் படகிலேயே காடிகள் வெட்டியிருந்தார். அந்த வரிசையில் ஒரு படத்துக்கு வேண்டிய ஒளி ஏழே நிமிடம்தான் நீடிக்குமாம். குறிப்பிட்ட ஒரு இலையை விட்டு வெயில் விலகியதும் அந்தக் கேன்வாஸை எடுத்துவிட்டு அடுத்ததை வைப்பார்.

அந்த மரங்கள் லிமெ என்ற கிராமத்துக்குச் சொந்தமானவை. வெட்டி விற்பதற்காகவே வளர்த்தவை. மோனே பாதி வேலையில் இருக்கும்போது ஊரார் ஏலம் விட முடிவு செய்தார்கள். தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் ஏலம் எடுக்க வந்த ஒரு மரவியாபாரியிடம் பேசி, தானும் பணம் போடுவதாக ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: நான் வரைந்து முடிக்கும்வரை கோடாரி வைக்கக் கூடாது. வியாபாரி சம்மதித்தார். மோனே இருபதுக்கும் மேற்பட்ட படங்களை முடித்தார். அதன் பிறகு மரங்களை வெட்டிக்கொண்டு போனார்கள்.